ஹன்சாட்டைத் தமிழில் வாசிப்பது: கேள்வி கிடைக்கும், விடைக்கு அலைய வேண்டும்

ஓர் எம்பி பாராளுமன்றத்தில் என்ன பேசினார் என்பது யாழ்ப்பாணத்தில் அநேகருக்கு இரண்டு நிமிட முகநூல் வீடியோவாகத்தான் வந்து சேருகிறது. குரல் உயர்ந்த இடம் இருக்கும், ஒலிவாங்கி நிறுத்தப்பட்ட இடம் இருக்கும். அமைச்சர் அதற்கு என்ன விடை சொன்னார் என்பது மட்டும் இராது. அதைத் தெரிந்துகொள்ளப் போகவேண்டிய இடம் ஹன்சாட், அதாவது சபையில் பேசியதை அப்படியே அச்சிடும் பாராளுமன்ற அறிக்கை. பாராளுமன்ற இணையத்தளத்தில் காசில்லாமல், பெயர் பதியாமல் தரவிறக்கலாம். எதிர்க்கட்சி எம்பி அரசாங்கத்தை உண்மையாகவே கேள்வி கேட்கிறாரா, அல்லது கமராவுக்குக் கதைக்கிறாரா என்று பிரித்தறிய இதைவிட நல்ல கருவி இல்லை. தமிழ் வாசகருக்கு அது அரைவாசிக் கருவிதான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எடுக்கும் வழி சுலபம். தளத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, பாராளுமன்ற அலுவல்கள் என்ற பகுதிக்குள் ஹன்சாட்டைத் திறந்து, அமர்வுத் திகதியைத் தெரிவு செய்தால் பிடிஎஃப் கோப்பு வரும். திகதிதான் முக்கியம். பாராளுமன்றம் வழமையாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் கூடும்; வரவு செலவுத் திட்டக் காலத்தில் மட்டும் தொடர்ந்து நடக்கும். வீடியோவைப் பகிர்ந்தவர் போட்ட திகதியை நம்பித் தேடினால் அகப்படாது, பேச்சு நடந்த திகதி வேண்டும். அடுத்த நாளே ஹன்சாட்டை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அட்டையில் தொகுதி (volume) இலக்கம், ‘இல.’ என்று இதழ் இலக்கம், திகதி, அதன் கீழ் ‘பிழை திருத்தப்படாதது’ என்ற குறிப்பு இருக்கும். இதை அலட்சியம் செய்யக்கூடாது. உறுப்பினர்கள் தங்கள் பேச்சிலுள்ள பிழைகளைக் குறித்து இரண்டு வாரத்துக்குள் ஹன்சாட் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம். ஆகவே ஓர் எண்ணையோ பெயரையோ மேற்கோள் காட்டும்போது திருத்தப்படாத பிரதி என்று குறிப்பிடுவது நல்லது. பக்கம் பத்திரிகை போல நெட்டாக இரண்டு பத்திகளாக (column) பிரிந்திருக்கும். மேலே உள்ள எண் பக்க எண் அல்ல, பத்தி எண். மேற்கோளுக்கு அதைத்தான் எழுதவேண்டும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். சபையில் உடனடி உரைபெயர்ப்பு உண்டு. உறுப்பினர் காதில் மாட்டிக் கேட்கலாம். அச்சில் அது இல்லை. யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே கிடக்கும். வாய்மூல விடைக்கான வினாக்கள் மட்டும் மூன்று மொழியிலும் அச்சாகும். எனவே வினாவைத் தமிழில் வாசிக்கலாம், அதற்கு அமைச்சர் சொன்ன விடை பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வடக்கு எம்பிமார் பலர் தேவைக்கேற்ப ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசுவதால், நம்முடைய ஆளின் பேச்சே தமிழில் இல்லாமலும் போகும். போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் கருத்துப் பிடிபடும். ஏக்கர், ரூபா, திகதி ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடாமல் எடுத்துப் பாவிக்கக்கூடாது.

தேடுதலும் கைகொடுக்காது. தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் பல கோப்புகளில் ஒன்றும் வராது. வெட்டி ஒட்டினால் எழுத்துகள் குழம்பி வரும். எழுத்துரு யுனிகோடாக இல்லாததுதான் காரணம். முதற் பக்கங்களிலுள்ள உள்ளடக்கத்தைப் பார்த்துத் தலைப்பைப் பிடித்து, பின் பத்தி எண்ணுக்குப் போவதே விரைவான வழி. வினா இலக்கம் தெரிந்திருந்தால் அதைத் தட்டலாம், இலக்கங்கள் அநேகமாக அகப்படும்.

ஒரு நல்ல வினாவை எப்படி அடையாளம் காண்பது? ‘வலிகாமம் வடக்கில் காணி எப்போது விடுவிக்கப்படும்?’ என்று கேட்டால் ‘படிப்படியாக’ என்ற ஒரு சொல்லோடு அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். அதையே தெல்லிப்பழைப் பிரதேச செயலாளர் பிரிவில் எந்தக் கிராம அலுவலர் பிரிவுகளில், எத்தனை ஏக்கர், எந்தப் படையிடம் இன்னும் இருக்கிறது, அதில் தனியார் உறுதிக் காணி எவ்வளவு, விடுவிக்கும் திகதி என்ன என்று (i), (ii), (iii) ஆக உடைத்துக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை பதிவாகவேண்டும். விடை சொல்லாமல் விட்ட உபபிரிவு கண்ணுக்குத் தெரியும். ஹன்சாட் வினாக்களின் கடைசியில் வரும் ‘இன்றேல், ஏன்?’ என்ற இரண்டு சொல்லும் அலங்காரத்துக்கல்ல. ‘இல்லை’ என்று சொல்லித் தப்ப நினைக்கும் அமைச்சரைக் காரணம் சொல்ல வைப்பது அதுதான். ஆளுங்கட்சி உறுப்பினர்களும் வினாக் கேட்பார்கள். அமைச்சர் சொல்ல ஆசைப்படுவதையே கேட்கும் வினாவும் அதற்குள் வரும் என்பதால், எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். 2024 தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனபின் இந்த வேறுபாட்டைப் பார்ப்பது இன்னும் அவசியம்.

விடைப் பக்கத்தில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று, அமைச்சர் கால அவகாசம் கேட்பது. அப்போது வினா வேறொரு தினத்துக்குப் போகும். அது திரும்பி வந்ததா என்று பின்வரும் நாட்களின் ஒழுங்குப் பத்திரங்களில் (அன்றைய சபை அலுவல்களின் பட்டியல்) அதே வினா இலக்கத்தை வைத்துப் பார்க்கவேண்டும். எம்பி விடாமல் துரத்துகிறாரா என்பது இங்கேதான் தெரியும். மற்றது, ‘விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்’ என்பது, அதாவது வாசிக்காமல் எழுத்தில் சபையின் மேசையில் வைப்பது. வீடியோவில் அது விடையே சொல்லாதது போலத் தெரியும். ஹன்சாட்டில் அந்த இடத்துக்குக் கீழேயே ‘சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை’ என்று நீளமாக, சிலவேளை அட்டவணையோடு, இருக்கும். சபையில் வாசித்ததைவிட உருப்படியான எண்கள் இதில்தான் கிடைக்கின்றன.

பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2) இன் கீழ் எதிர்க்கட்சித் தலைவரும் கட்சித் தலைவர்களும் எழுப்பும் வினாக்களை வேறாகப் பாருங்கள். அவசர விடயங்கள், நீளமான முன்னுரை, நேரடி விடை, சூடும் கூட. சபையை ஒத்திவைக்கும் முன் மாலையில் நடக்கும் ஒத்திவைப்பு வேளை விவாதங்களில் ஆசனங்கள் அநேகம் காலியாகக் கிடந்தாலும் பதிவு பதிவுதான்.

பேச்சுக்கு முன் அடைப்புக்குறிக்குள் வரும் நேரத்தைக் கவனியுங்கள். சபை மு.ப. 9.30 க்குக் கூடிய நாளில் ஒருவர் பெயருக்கு மேல் மு.ப. 10.45 என்றிருந்தால், பாராளுமன்ற யூடியூப் பதிவில் ஏறக்குறைய ஒரு மணி பதினைந்து நிமிடத்துக்குப் போனால் அவர் நிற்பார். ஒளிபரப்பு முன்கூட்டித் தொடங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கூட்டவேண்டும். வெட்டிய முகநூல் துண்டைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். வீடியோவில் கேட்ட வசனம் அச்சில் இல்லையென்றால் உடனே சதி என்று எழுதவேண்டாம்; அக்கிராசனக் (சபைக்குத் தலைமை தாங்குபவரின்) கட்டளைப்படி அகற்றப்பட்டது என்ற குறிப்பு அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து ஓர் அமைச்சின் செலவை 10 ரூபாவால் குறைக்கக் கேட்பார். புதிதாக வாசிப்பவர்கள் பகிடி என்று நினைப்பார்கள். அந்த அமைச்சின் செலவுத் தலைப்பை விவாதத்துக்குத் திறக்கும் மரபு அது. வடக்குக்கு ஒதுக்கிய பணம் செலவானதா என்ற கேள்விக்கு ஆண்டில் மிகச் செறிவான பக்கங்கள் இங்கேதான், ஆனால் அந்த வாரங்களின் கோப்புகள் பெரியவை. கடையில் அச்சடிக்கக் கொடுப்பதென்றால் வேண்டிய பத்திகளின் பக்கங்களை மட்டும் குறித்துக் கொடுங்கள். வாக்கெடுப்பு நடந்தால் ஆதரவு, எதிர்ப்பு என்று பெயர்வாரியாக வரும். சபையில் முழங்கிவிட்டு வாக்கெடுப்பு நேரம் வெளியே போனவரை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்.

எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் 2017 ஜூலை மாத ஹன்சாட்டை எடுத்துப் பார்க்கலாம். இழுவைமடி மீன்பிடியைத் தடை செய்த 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம். வடக்கின் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணியை, உரிமை கோராவிட்டால் அரச காணியாக்கும் 2025 மார்ச் 28 வர்த்தமானி விடயத்தை வாசிப்பதானால், சபையில் தமிழ் உறுப்பினர்கள் எழுப்பியதையும் அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடையையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஹன்சாட்டை மட்டும் பார்த்தால் கதை பாதியில் நிற்கும்.

குழுக்களின் பக்கமும் தட்டிப் பார்க்கலாம். கோப் (பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு), கோபா (அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு) அறிக்கைகள் அதே தளத்தில் உண்டு. எதிர்க்கட்சி எம்பி ஹர்ஷ டி சில்வா தலைமை தாங்கும் அரசாங்க நிதி பற்றிய குழு, எதிர்க்கட்சியின் கையில் ஒரு கடிவாளம் இருப்பது எப்படி என்பதைக் காட்டும். வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் மந்திரி.எல்கே தளம் ஹன்சாட்டை வைத்து எம்பிமாரை வரிசைப்படுத்தியது. யார் அதிகம் பங்கெடுத்தார் என்று அறிய அது உதவும், பேச்சின் தரத்தை வாசித்துத்தான் அறியவேண்டும்.

மொத்தத்தில், தமிழ் வாசகரின் கருவியாக ஹன்சாட்டுக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி. குறைத்த இரண்டும் விடையின் மொழிக்கும் தேடுதலுக்கும்.

அமைச்சர் நழுவிய உபபிரிவைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. ஹன்சாட் திகதி, தொகுதி, பத்தி எண் மூன்றையும் எழுதி, அதே வினாவை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தரவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தில் தகவல் வேண்டிய மொழியைக் குறிக்கும் இடத்தை வெறுமையாக விடாமல் ‘தமிழ்’ என்று எழுதுங்கள்.