ஆல்க் டெஸ்ட்: ஐ.எச்.சி.யா, ஃபிஷ்ஷா, என்.ஜி.எஸ்.ஸா?

நுரையீரலில் அடினோகார்சினோமா (சுரப்பி செல்களில் தொடங்கும் புற்றுநோய்) என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததுமே அடுத்த கேள்வி எழுந்துவிடும்: ஆல்க் பார்த்தாச்சா, எந்த முறையில் பார்ப்பது? ஆல்க் என்ற மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும் கோளாறு அது, இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு. இந்த ஒரே ஒரு மரபணுக் கோளாறைக் கண்டுபிடிக்கப் புரதத்துக்குச் சாயமேற்றும் ஐ.எச்.சி., மரபணுவில் ஒளிரும் குறி வைத்துப் பார்க்கும் ஃபிஷ், பல மரபணுக்களை ஒரேயடியாகப் படிக்கும் என்.ஜி.எஸ்., ரத்தத்தில் பார்க்கும் லிக்விட் பயாப்ஸி என்று நாலு வழி. லேப்காரர் ஒன்று சொல்வார், டாக்டர் ஒன்று சொல்வார், வாட்ஸப் சித்தப்பா மூன்றாவதாக ஒன்றை ஃபார்வர்டு செய்வார். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிஷ்தான் இதில் உரைகல் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது வெறும் பழக்கதோஷம்.

ஆல்க் முதலில் நுரையீரல்காரர்களின் சொத்தே இல்லை. 1994இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் ஸ்டீஃபன் மோரிஸ் குழுவினர் அதைக் கண்டுபிடித்தது அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்போமா என்ற நிணநீர் செல் புற்றுநோயில். 2ஆம் குரோமோசோமும் 5ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, அதில் ஆல்க் மரபணு என்.பி.எம். என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்களின் உடம்பில் அநேகமாக உறங்கிக்கிடக்கும் ஒரு புரதம், புதுக் கூட்டாளியின் தயவில் ஓயாமல் வேலை செய்ய, செல் கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. 2007இல் ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி மானோ குழுவினர் 62 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல் கட்டியிலும் இதே ஆல்க்கைப் பிடித்தார்கள், இங்கே கூட்டாளி மட்டும் இ.எம்.எல்.4. சோதித்துப் பார்த்த 75 நோயாளிகளில் 5 பேருக்கு அது இருந்தது. (இந்த ஆல்க் கோளாறு பெரும்பாலும் சிகரெட்டைத் தொடாதவர்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும்தான் வருகிறது என்று பிற்பாடு தெரிந்தது, மானோவுக்கு முதலில் அகப்பட்டவரோ புகைபிடித்தவர்.)

சரி, ஃபிஷ்ஷுக்கு வருவோம். ஆல்க் மரபணுவின் ஒரு பக்கத்தில் சிவப்பு ஒளிரும் குறி, மறுபக்கத்தில் பச்சை. மரபணு உடையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும், உடைந்திருந்தால் பிரிந்து நிற்கும். லிம்போமாவில் துண்டு வேறு குரோமோசோமுக்கே போய்விடுவதால் பிரிவு பளிச்சென்று தெரியும். நுரையீரலில்தான் சிக்கல். ஆல்க், இ.எம்.எல்.4 இரண்டுமே 2ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், சுமார் 1.2 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி இருக்கின்றன. நடுவில் உள்ள துண்டு, துணியை வெட்டித் தலைகீழாகத் திருப்பித் தைத்த மாதிரி புரண்டுகொள்கிறது, அவ்வளவுதான். அதனால் சிவப்பும் பச்சையும் வெகுதூரம் விலகுவதில்லை. இருட்டறையில் உட்கார்ந்து, இடைவெளி ஒரு புள்ளி அகலமா இரண்டு புள்ளி அகலமா என்று கண்ணால் பார்த்து, 50 செல்களை எண்ண வேண்டும். குறிகள் பிரிந்த செல்கள் 5க்குக் குறைவாக இருந்தால் நெகட்டிவ், 25க்கு மேல் போனால் பாசிட்டிவ், நடுவில் நின்றால் இன்னொருவர் வந்து இன்னொரு 50 எண்ணி, இரண்டையும் சேர்த்து 15 சதவீதம் தொடுகிறதா என்று பார்ப்பார். 14 சதவீதத்தில் நிற்கும் நோயாளியின் மருந்து இப்படித்தான் முடிவாகிறது.

அப்புறம் ஏன் இதற்கு அந்த மரியாதை? 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆல்க்கை அடக்கும் கிரிசாட்டினிப் மருந்துக்கு அனுமதி கொடுத்தபோது கூடவே அனுமதி வாங்கியது ஒரு ஃபிஷ் கிட். மருந்தின் ஆய்வுகளில் ஆளைத் தேர்ந்தெடுத்தது அதை வைத்துத்தான். வரிசையில் முதலில் நின்றதற்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பின்னால் வந்த இன்னொரு ஆல்க் மருந்தான அலெக்டினிப்பையும் கிரிசாட்டினிப்பையும் நேருக்கு நேர் மோதவிட்ட அலெக்ஸ் ஆய்வு ஐ.எச்.சி.யை வைத்தே ஆட்களைச் சேர்த்தது.

ஐ.எச்.சி. என்பது மரபணுவை விட்டுவிட்டு அது செய்யும் புரதத்துக்குச் சாயம் ஏற்றும் முறை. நுரையீரல் செல்லில் ஆல்க் புரதம் இருக்கவே கூடாது என்பதால், இருந்தாலே சந்தேகம்தான். இந்த எளிமைதான் அதன் பலம். லிம்போமாவுக்குப் பயன்பட்ட பழைய ஆன்டிபாடி (புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் மூலக்கூறு) நுரையீரலில் சொதப்பியது, ஏனென்றால் இங்கே புரதத்தின் அளவு குறைவு. டி5எஃப்3 என்ற புதிய ஆன்டிபாடியும் சாயத்தைப் பெருக்கிக் காட்டும் முறையும் வந்தபின் நிலைமை மாறியது, 2015இல் எஃப்.டி.ஏ.யும் ஒப்புக்கொண்டது. சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க லேபில் கூடவே குடல்வால் துண்டு ஒன்றையும் வைப்பார்கள். அதன் சுவரில் உள்ள நரம்பு செல்களில் ஆல்க் இயல்பாகவே உண்டு. அந்தத் துண்டு நிறம் காட்டாவிட்டால் நோயாளியின் ஸ்லைடு நெகட்டிவ் என்பதற்கும் அர்த்தமில்லை. குறையும் இருக்கிறது: சளிப் படலமும், கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் சில சமயம் சாயம் பிடித்துக்கொள்ளும், நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் எழும்) கட்டிகள் சில மரபணு உடையாமலே நிறம் காட்டும். ஆனால் ஓரிரு நாளில் முடிவு, சாதாரண மைக்ரோஸ்கோப் போதும், செலவும் நாலில் குறைவு.

லிம்போமாவில் போட்டியே கிடையாது, ஐ.எச்.சி.தான். சாயம் நியூக்ளியஸிலும் (செல்லின் கரு) சைட்டோபிளாசத்திலும் (கருவைச் சுற்றியுள்ள பகுதி) சேர்ந்து தெரிந்தால் கூட்டாளி என்.பி.எம்., சைட்டோபிளாசத்தில் மட்டும் என்றால் வேறு யாரோ. ஒரு ஸ்லைடில் இத்தனையும் தெரியும்போது ஃபிஷ் எதற்கு? ஆல்க் பாசிட்டிவாக இருந்தால் இந்த லிம்போமாவில் பொதுவாகப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதும், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நோய் திரும்பினால் 2021 முதல் கிரிசாட்டினிப் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் அந்தச் சாயத்தை இன்னும் முக்கியமாக்குகின்றன.

என்.ஜி.எஸ். வேறு ரகம். இ.ஜி.எஃப்.ஆர்., ராஸ்1, ரெட், பிராஃப் மாதிரி மற்ற புற்றுநோய் மரபணுக்கள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும், ஆல்க்கின் கூட்டாளி யார், எந்த இடத்தில் ஒட்டியது என்பது உட்பட. ஐ.எச்.சி.யும் ஃபிஷ்ஷும் முரண்படும்போது பஞ்சாயத்து இங்கேதான். ஆனால் பேனல் (ஒன்றாகச் சோதிக்கும் மரபணுக்களின் தொகுப்பு) வாங்கும்முன் ஒன்றைக் கேளுங்கள்: டி.என்.ஏ. மட்டுமா, ஆர்.என்.ஏ.வும் சேர்த்தா? இணைவுகளைப் பிடிப்பதில் ஆர்.என்.ஏ. கெட்டி; டி.என்.ஏ. மட்டும் உள்ள மலிவு பேனலில் சில நழுவும். ஆர்.என்.ஏ.வோ சீக்கிரம் கெடும், எலும்பிலிருந்து எடுத்து ஆசிடில் ஊறவைத்த பிளாக் (மெழுகில் பதித்த திசு) என்றால் பெரும்பாலும் கைவிரிப்புதான். காசும் இரண்டு மூன்று வாரக் காத்திருப்பும் தனி.

ரத்தப் பரிசோதனைக்கு இப்போது விளம்பரம் ஜாஸ்தி. கட்டி உதிர்க்கும் டி.என்.ஏ. ரத்தத்தில் 160, 170 எழுத்து நீளத் துணுக்குகளாகத்தான் மிதக்கிறது, இணைந்த இடம் அந்தத் துணுக்குக்குள் விழ வேண்டும், அதனால் இ.ஜி.எஃப்.ஆர். அளவுக்கு ஆல்க் இதில் எளிதாக மாட்டாது. பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் நம்பாதீர்கள். இது ஜொலிப்பது இரண்டாவது ஆட்டத்தில். மாத்திரை வேலை செய்வதை நிறுத்தியபின் ஜி1202ஆர் மாதிரி மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்த்து லோர்லாட்டினிப் என்ற அடுத்த மருந்துக்கு மாறலாமா என்று முடிவெடுக்க, நெஞ்சில் மறுபடி ஊசி குத்துவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தக் கேள்விக்கு ஐ.எச்.சி.யும் ஃபிஷ்ஷும் பதிலே சொல்லாது.

நானாக இருந்தால் நுரையீரலுக்கு முதலில் டி5எஃப்3, கையில் காசும் பிளாக்கில் திசுவும் இருந்தால் நேராக ஆர்.என்.ஏ. சேர்த்த என்.ஜி.எஸ்., திசு போதாவிட்டால் ரத்தம். ஐ.எச்.சி. குழப்பமாக வந்து என்.ஜி.எஸ்.ஸுக்கும் வழியில்லை என்றால் மட்டும் ஃபிஷ். எதை எடுத்தாலும் ஒன்று: ஊசி பயாப்ஸியில் கிடைப்பது நூல் கனத் திசு. பிளாக்கை ஒவ்வொரு டெஸ்டுக்கும் எடுத்து மறுபடி மெஷினில் பொருத்தி மட்டம் பண்ணும்போதே கொஞ்சம் சீவிப் போய்விடும். ஆகவே தேவைப்படும் சாயமேற்றாத ஸ்லைடுகளை முதல் தடவையிலேயே மொத்தமாக வெட்டி வைக்கச் சொல்லி பெத்தாலஜிஸ்டிடம் கேட்டுவிடுங்கள்.