பசுமை போர்டும் பூட்டிய பின்கதவும்: வேலூரில் ரூம் எடுக்கப் போகிறவர்களுக்கு

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் மாத வாடகைக்கு ரூம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். லாட்ஜ் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பலன் இல்லை, இதே லட்சணத்தில் அந்தப் பக்கம் இன்னும் சில லாட்ஜ்களைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் போளூர்ப் பக்கம். மாமியாருக்கு கீமோ. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அழைத்து வந்து திரும்புவது அவர் உடம்புக்கு ஆகாது என்பதால் சமையல் வசதியோடு ஒரு ரூம் எடுத்தோம். வாசல் போர்டில் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் எழுதியிருந்தார்கள்: தீ பாதுகாப்பு உண்டு, சிசிடிவி உண்டு, ஆர்ஓ தண்ணீர் உண்டு, சுற்றுச்சூழலுக்கு உகந்த விடுதி. பக்கத்தில் ஒரு பச்சை இலை ஸ்டிக்கர். அந்த இலையை யார் கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேட்டேன். பேனர் கடையில் அடித்ததாம்.

முதலில் தீ விஷயம்.

ஒரு ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். காரிடாரில் ரப்பர் கருகும் நாற்றம். கதவைத் திறந்தால் மின்பெட்டிக்குள்ளிருந்து புகை வருகிறது. எதிர் ரூமில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம், அடுத்த ரூமில் பங்களாதேஷ்காரர்கள், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமியாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினால் கீழே ஷட்டர் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார், சாவி அவர் பையில். சரி, பின்பக்கம் 'அவசர வழி' என்று அம்பு போட்டிருந்ததே என்று ஓடினால், அந்தக் கதவை ஒட்டிப் பழைய மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. மெத்தைகளை இழுத்துப் போட்ட பிறகுதான் தெரிகிறது, அதற்கும் பூட்டு. ரூம் பையன் நடுங்கிக்கொண்டே, "அண்ணா, அந்தச் சாவி மொதலாளி வூட்ல இருக்குது" என்றான்.

நல்ல வேளையாக ஒயர் கருகியதோடு நின்றது. யாரோ மெயினை அணைத்தார்கள். வாட்ச்மேன் வந்து ஷட்டரைத் தூக்கும் வரை அத்தனை நோயாளிகளும் படிக்கட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாகில் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் நம் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 6 பேர், அதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் நெருப்பு வந்து தொடுவதற்கு முன்பே புகை ஆளை முடித்துவிடுகிறது. மாடிப்படி புகைபோக்கி மாதிரி வேலை செய்யும், கீழே எரிவது மேல்மாடியில் தூங்குகிறவரைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் இரண்டாவது வழி என்பது பேருக்கு ஒரு கதவாக இருந்தால் போதாது. சாவி தேடாமல் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும்.

ஒயர் ஏன் கருகியது என்று மறுநாள் வந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். சமையல் வசதி என்றால் ரூமுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு. ஒரு அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். வெந்நீர் கீசரும் ஏறக்குறைய அவ்வளவே. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து ரூமில் இரண்டும் ஓடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த பழைய ஒயரிலேயே எல்லா ரூமையும் கோத்துவிட்டிருக்கிறார்கள். லோடு தாங்காமல் அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று அதில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். போக வேண்டிய ஃபியூஸ் போகவில்லை, ஒயர் போனது. அந்தக் கம்பியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு அவர், "இது வேலூர்ல பாதி லாட்ஜ்ல இருக்குது சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீயணைப்பானும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவப்பு சிலிண்டர், ரிசப்ஷன் சுவரில். கழுத்தில் தொங்கிய அட்டையில் கடைசியாக நிரப்பிய வருஷம் 2019. பிரஷர் காட்டும் சின்ன வட்டத்தில் முள் பச்சையில் நிற்க வேண்டும். அது சிவப்பில் படுத்துக் கிடந்தது, சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் பல்லி முட்டை இட்டிருந்தது. நீங்கள் ரூம் பார்க்கப் போகும்போது மெத்தையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் அந்த முள்ளைப் பாருங்கள், பத்து விநாடி வேலை.

முதலாளி மறுநாள் மதியம் வந்தார். "ஒண்ணும் ஆவலையே சார், இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?" என்று ஆரம்பித்தார். பின்கதவைத் திறந்து வைக்கச் சொன்னால், திருட்டு பயமாம். ராத்திரி ஷட்டர் பூட்டுவதும் எங்கள் பாதுகாப்புக்குத்தானாம். திருடன் வரக்கூடாது என்றால் வாசலில் ஆள் உட்கார வேண்டும். நோயாளிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு டீக்கடைக்குப் போவதற்குப் பெயர் பாதுகாப்பா?

அப்புறம் தண்ணீர். ஆர்ஓ இயந்திரம் இருக்கிறது, சிவப்பு லைட்டும் எரிகிறது, ஃபில்டர் மாற்றிய தேதி எதிலும் இல்லை. குளிக்கும் தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் அடியில் பழுப்பாகப் படியும். மழை பெய்த மறுநாள் அதில் சாக்கடை வாடை. கீழே போய்ப் பார்த்தேன். தண்ணீர் சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சம்ப் மூடியில் ஒரு மூலை உடைந்து, மேலே சிமெண்ட் சாக்குதான் போட்டிருக்கிறார்கள்.

மாமியாருக்கு வயிற்றுப்போக்கு வந்து மறுபடி அட்மிட் ஆனார். தண்ணீரால்தான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது, கீமோவில் இருப்பவருக்குக் காரணம் பலவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தங்கும் இடத்தில் சம்ப்பை இப்படி வைப்பதற்கு மன்னிப்பே கிடையாது. மாநகராட்சியில் எழுதிக் கொடுத்ததும் சுகாதார ஆய்வாளர் வந்தார். கண்ணாடிக் குழாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குழாயில் நிறமே ஏறவில்லை. இந்தச் சோதனை நம்மூரில் எளிதாக நடக்கிற ஒன்றுதான், கேட்டால் செய்கிறார்கள்.

இப்போது அந்தப் பச்சை இலைக்கு வருவோம். ரூமுக்குள் ஒரு நோட்டீஸ்: 'தண்ணீரைச் சேமிப்போம், பூமியைக் காப்போம், விரிப்பும் துண்டும் தேவைப்பட்டால் மட்டுமே மாற்றப்படும்.' கொள்கையில் தப்பில்லை, நல்ல ஹோட்டல்களிலும் உண்டு. ஆனால் அங்கே கேட்டால் உடனே மாற்றுவார்கள். இங்கே கேட்டால் தடவைக்கு 50 ரூபாய். மெத்தைத் தையலோரம் கரும்புள்ளிகள், அதாவது மூட்டைப்பூச்சி. பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று சலவைச் செலவைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். இதே லாட்ஜில் விடிகாலை மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், மாடித் தொட்டி நிறைந்து சுவரெல்லாம் வழியும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் கப்பும் கேரி பேக்கும் பின்சந்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுவதில்லை. நள்ளிரவில் ஹோஸ் போட்டு மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள். வேலூர் ஊருக்குள் ஓடும் நிக்கல்சன் கால்வாய் ஏன் நாறுகிறது என்று கேட்பவர்கள் ஒரு ராத்திரி அந்தச் சந்தில் நின்று பார்க்கலாம்.

மாசு செய்தவனே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அந்த வழக்கைப் போட்டது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம்தான். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்ததற்கு எதிரான வழக்கு. சட்டக் கல்லூரிகளில் எல்லாம் இன்றைக்கும் வேலூர்ப் பெயரிலேயே படிக்கிறார்கள். அந்த வேலூரிலேயே இப்படிக் கால்வாயில் விடுகிறார்கள்.

ஆதாரையும் சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷன் பையன் ஆதார் அட்டையைத் தன் சொந்த போனில் படம் எடுத்து ஏதோ வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், அதைக் கொடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பங்களாதேஷ் குடும்பத்துக்கு அதைப் பதியவே இல்லை, அவர்கள் நிர்ப்பந்தித்த பிறகுதான் அவசரமாகப் பதிந்தார்கள்.

நாங்கள் காலி செய்தபோது அட்வான்ஸில் பாதியை 'மெயின்டனன்ஸ்' என்று பிடித்துக்கொண்டார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டால் கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு. 1915 என்ற போன் எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன், சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுத்தேன், தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு நகல். சுகாதார ஆய்வாளர் நோட்டீஸ் கொடுத்த பிறகு சம்ப்புக்குப் புது மூடி வந்திருக்கிறது. பின்கதவில் பூட்டு அப்படியேதான் இருக்கிறது, போன வாரம் பார்த்தேன்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஒரே குறையுள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே போடலாம். சமையல் வசதி ரூமில் அட்வான்ஸ் திரும்பாமல் போனவர்கள் எஸ்டிமேட் சீட்டையும் ஜிபே ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், லாட்ஜ் பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.