ஒரே கூரையா, தள்ளி இருப்பதா, உறவே வேண்டாமா?

பெற்றவரின் வாய்ச்சொல்லாலேயே நொந்துபோன பிள்ளைகள் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் நிறையப் பேர். வழி மூன்று: கூடவே இருந்து சமாளிப்பது, வெளியே போய் அளவோடு பேசுவது, அடியோடு அறுத்துக்கொள்வது. நான் இரண்டாவதன் பக்கம்.

கூடவே இருப்பதற்குப் பாசத்தைவிடப் பணம்தான் பல வீடுகளில் காரணம். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கு மாறியபோது வீட்டுக் கடன் பிள்ளையின் பெயரில் விழுந்திருக்கும். மாதாமாதம் கட்டுகிறவரே அந்த வீட்டில் "உதவாக்கரை" என்று திட்டும் வாங்குவார். பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்பார்கள். மாமாவோ கோயில் தலைவரோ வந்து உட்கார்ந்தால், "பெத்தவங்கதானே, நீதான் பொறுத்துப் போகணும்" என்றுதான் முடியும். அவர்களுக்குச் சண்டை ஓய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

தள்ளி இருப்பது என்றால் கோலாலம்பூர்வரை ஓட வேண்டியதில்லை. சுமார் 30 கிலோமீட்டரில் ஈப்போ இருக்கிறது, அங்கே ஓர் அறை போதும். ஆனால் அறை மாறினால் மட்டும் ஆகாது, பழக்கமும் மாற வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் மின்சார பில்லை நீங்களே கட்டிவிடுங்கள். போனை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் ஏறினால், "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடலாம். அந்த ஒரு வரியைச் சொல்ல முதலில் கை நடுங்கும். தீபாவளிக்குப் போங்கள், சாப்பிடுங்கள், இரவு தங்காதீர்கள்.

முதல் சில மாதங்கள் கஷ்டம்தான். அத்தை போன் செய்து, "உன்னாலதான் அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடுச்சு" என்பார். பிரஷர் நிஜமாகவே ஏறியிருந்தால் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், தம்பி அழைத்துப் போகட்டும். நீங்கள் திரும்பிப் போய் அதே வீட்டில் படுத்தால் அந்தப் பிரஷர் இறங்கிவிடாது.

அடியோடு அறுப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அடி விழுகிற வீட்டில், உங்கள் பெயரில் ஆலோங்கிடம் (வட்டி முதலையிடம்) கடன் வாங்குகிற வீட்டில், அதுதான் சரி. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பெற்றோர் செய்வதற்கும் பொருந்தும், மனரீதியான கொடுமையும் அதில் அடங்கும். கை நீட்டினாலோ அடிப்பேன் என்று மிரட்டினாலோ, சமூக நலத்துறை அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடியும். உதவி கேட்க அரசாங்கத்தின் தாலியான் காசிஹ் (Talian Kasih) தொலைபேசி எண் 15999.

அப்படி ஆபத்து இல்லாத இடத்தில் முழுசாக அறுப்பதுதான் எனக்குத் தயக்கம். சின்ன ஊர். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், கோயில் திருவிழாவில், சாவு வீட்டில் முகம் பார்த்தே ஆக வேண்டும். அண்ணன் தங்கை இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். தள்ளி இருப்பவர் என்றைக்கு வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளலாம். அறுத்தவர் திரும்பி வருவதுதான் பெரும்பாடு.

எந்த வழியில் போனாலும், தூரம் புதுக் காயத்தைத்தான் தடுக்கும். பழையதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அதுவும் உறவுக்காரர் அல்லாத ஒருவரிடம். அரசாங்க கிளினிக் டாக்டரிடம் தூக்கமில்லை, மனம் சரியில்லை என்று நேராகச் சொன்னால் மனநல ஆலோசனைக்கு அனுப்பக் கேட்கலாம். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால், மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.