மலையில் ஓடும் ஜிப்ஸி: ஆயில் பம்ப், பிரஷர் கேஜ், வெளி ஆயில் கூலர் பற்றி என் அனுபவம்

கோத்தகிரியில் இருந்துகொண்டு பழைய ஜிப்ஸி ஓட்டுகிறேன். 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ பெட்ரோல் எஞ்சின். அன்றாடம் எஸ்டேட் வேலை, வாரம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம், எப்போதாவது ஊட்டி வழியாகக் கல்லட்டி இறங்கி மசினகுடி. இந்த எஞ்சினுக்கு வெளியே நான் சேர்த்தவை ஆயில் பிரஷர் கேஜும், தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலரும். இரண்டோடும் பல மழைக்காலம் ஓட்டியாகிவிட்டது. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஜ் கண்டிப்பாக வேண்டும். கூலர், வண்டிக்கு என்ன வேலை என்பதைப் பொறுத்தது. வண்டியோடு வந்த பம்பை ஓரங்கட்டிவிட்டு வெளியே பெல்ட் பம்ப் மாட்டுவது ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாத வேலை.

பலரும் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். அந்த விளக்கின் சுவிட்ச், அழுத்தம் 5 பிஎஸ்ஐ பக்கம் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். சூடான எஞ்சினுக்கு ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பழகிய கணக்கு. ஏற்றத்தில் 3000 ஆர்பிஎம்மில் இழுத்துக்கொண்டு போகும்போது 12 பிஎஸ்ஐதான் இருந்தாலும் விளக்கு எரியாது. பேரிங் தேய்ந்துகொண்டே போகும். விளக்கு எரிந்து நாம் ஓரம் கட்டும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும்.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். சமவெளியில் ஒரு பட்டறையில் ரிங் மாற்றி எஞ்சினை வாங்கி வந்த சில மாதத்தில், குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது கேஜில் 45-ல் நிற்க வேண்டிய முள் 30-க்கு வந்தது. அடுத்த வளைவில் 20. அப்புறம் ஒரே இடத்தில் நிற்காமல் நடுங்கத் தொடங்கியது. விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. உடனே சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, வேறு வண்டியில் கட்டி இழுத்து மேலே கொண்டுவந்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் சம்ப்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்அப் குழாயின் முனையில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை என் கையில் கொடுத்தார். சல்லடை முழுக்கச் சிவப்புச் சிலிக்கான் பேஸ்ட் நூல் நூலாகச் சுற்றிக்கிடந்தது. சம்ப்பை ஒட்டும்போது அள்ளி அப்பியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து நேராகச் சல்லடைக்கு வந்துவிட்டது.

"அண்ணே, பம்ப் தானா சாகலை. மூச்சுக்காத்து கிடைக்காம தவிச்சிருக்கு," என்றார் மெக்கானிக்.

இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிராங்க்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் கைக்கு வரும். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ரோட்டர். வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி 0.31 மி.மீ. தாண்டக்கூடாது, பக்கவாட்டில் 0.15 மி.மீ. தாண்டக்கூடாது. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் அளவு எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் பின்தகட்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். சல்லடைக்குத் தப்பிய துகள்கள் போட்ட கோடுகள் அவை. பம்பை மாற்றினோம். பிக்அப் குழாயின் ஓ-ரிங்கையும் மாற்றினோம். அந்த ரப்பர் கெட்டியாகிவிட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். முள் நடுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுப் பம்பை மாட்டும் விதத்தில் மெக்கானிக் காட்டிய பொறுமை இன்னும் கண்ணில் நிற்கிறது. ரோட்டர்களின் இடுக்கில் வாசலின் நிரப்பி மூடினார். ஆயில் ஊற்றி, ஃபில்டரையும் முக்கால்வாசி நிரப்பி மாட்டி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃப் மட்டும் அடித்தார். முள் எழும்பி நின்ற பிறகுதான் ஃபியூஸைத் திரும்பப் போட்டார். பம்ப் மாற்றி முதல் ஸ்டார்ட்டிலேயே பேரிங்கைத் தின்றுவிடும் வண்டிகள் உண்டு. காய்ந்த பம்ப் காற்றைத்தான் சுழற்றும். ஆயில் மேலே வருவதற்குள் எஞ்சின் முழு வேகத்தில் ஓடிவிடும்.

கேஜ் மாட்டுகிறவர்களுக்கு ஒன்று. அழுத்தத்தை அளந்து கேஜுக்கு அனுப்பும் சென்டரை (sender) டீ ஜாயின்ட் போட்டு நேராக எஞ்சின் பிளாக்கில் தொங்கவிடாதீர்கள். சென்டர் கனமானது. அதிர்வில் பித்தளை டீ விண்டு, ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிடும். குட்டி ஹோஸ் ஒன்று இழுத்து, சென்டரைப் பாடியில் கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கிறேன்.

இனி கூலர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கி.மீ.; அதற்குள் ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏறுகிறோம். சித்திரை வெயிலில் முழுப் பாரத்தோடு ஏறும்போது ஆயில் சூடாகி இளகும், அழுத்தம் குறையும். கூலர் மாட்டிய பிறகு மேலே வந்து சேரும்போது ஐட்லிங் அழுத்தம் முன்னைவிட நன்றாகவே நிற்கிறது. இந்த ஏற்றத்தைப் பாரத்தோடு அடிக்கடி ஏறுகிறவர்களுக்கு அது பயன்தான்.

ஆனால் மலையில் பாதி ஓட்டம் இறக்கம் என்பதைச் சமவெளிக்காரர்கள் யோசிப்பதில்லை. செகண்ட் கியரில் கால் எடுத்து இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோல் எரிவதில்லை. சூடே கிடையாது. தை மாதம் ஊட்டியில் உறைபனி விழும் காலையில், தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் ஆயிலைச் சூடாகவே விடாது. சூடாகாத ஆயிலில் சேரும் தண்ணீர் ஆவியாகாமல் தங்கி, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மஞ்சளாகப் பசை கட்டும். கேஸ்கெட் போய்விட்டதென்று பயந்து ஹெட்டைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டி ஆயிலைக் கூலருக்குத் திருப்பும் சாண்ட்விச் பிளேட் வாங்கினால் 80 டிகிரி பக்கம் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்காலத்தில் நான் கூலருக்கு முன்னால் ஒரு தகரத்தையும் மாட்டி வைக்கிறேன்.

கூலர் கொடுத்த தொல்லை முழுக்க ஹோஸில்தான். கடையில் கூலரோடு சேர்த்துக் கொடுத்தது ரப்பர் ஹோஸும் திருகு கிளாம்பும். மழையிலும் சேற்றிலும் கிளாம்ப் ஓரம் கசியத் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கும் கடையில் அளவு கொடுத்து, முனை அழுத்தி வாங்கி மாட்டிய பிறகு கசிவு இல்லை. ஆனாலும் சேஸிஸில் உரசும் இடத்தில் மேலுறை தேய்ந்தது. அங்கே பழைய ரேடியேட்டர் ஹோஸை நீளவாக்கில் அறுத்துச் சுற்றியிருக்கிறேன். எஞ்சினுக்கு வெளியே ஓடும் ஒவ்வொரு அடி ஹோஸும் கசிய ஓர் இடம் கூடுதலாகக் கொடுக்கிறது. ஐப்பசி மழையில் மண் சரிந்து கல் கிடக்கும் எங்கள் ரோட்டில் இது சின்ன விஷயமில்லை.

இதனால்தான் டிரை சம்ப், பெல்ட் பம்ப் என்று கேட்பவர்களைத் தடுக்கிறேன். ஆயிலை அடித்தொட்டியில் தேங்கவிடாமல் தனி டேங்க்கில் வைத்து ஓட்டும் டிரை சம்ப் நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. போர்ஷே 911 ஆரம்பம் முதலே தனி ஆயில் டேங்க்கோடு வந்தது. நம் பழைய புல்லட்டும் டிரை சம்ப்தான். அவையெல்லாம் பிறக்கும்போதே அப்படி வடிவமைக்கப்பட்டவை. நாம் வெளியே மாட்டும் பம்பின் பெல்ட்டில் ஒரு கல் சிக்கி அது கழன்றால் எஞ்சினுக்குச் சொட்டு ஆயில் கிடைக்காது. 12 வோல்ட் மோட்டார் பம்ப் அதற்கு மாற்றும் இல்லை. டர்போவிலிருந்து ஆயிலைத் திருப்பி அனுப்பவும் கியர்பாக்ஸ் கூலருக்கு ஓட்டவும் செய்த சாமான் அது. எஞ்சின் முழுவதற்கும் அழுத்தம் கொடுக்க அதனால் ஆகாது.

கொடைக்கானல் நண்பர் ஒருவர் அக்யுமுலேட்டர் மாட்டியிருக்கிறார். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில், நடுவில் பிஸ்டன். அழுத்தம் விழுந்தால் சேமித்த ஆயிலை உள்ளே தள்ளும். ஸ்டார்ட் பண்ணும் முன்பே வால்வைத் திறந்து பேரிங்கை நனைத்துவிடலாம். பனிக்காலக் காலையில் அது பெரிய உபகாரம், பார்த்து ஆசைப்பட்டேன். ஆனால் அவர் அதை மாட்டிய காரணம் வளைவில் முள் சரிகிறது என்பது. என் வண்டியிலும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், மூக்குக் குத்தி பிரேக் பிடித்துத் திரும்பும்போது முள் சட்டென்று சரிந்து ஏறியதுண்டு. ஆயில் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாட்களில் மட்டும்தான். மேல்கோடுவரை நிரப்பினால் சரிவதில்லை. அரை லிட்டர் ஆயிலில் தீரும் விஷயத்துக்கு அத்தனை ஹோஸ் எனக்குத் தேவைப்படவில்லை.

டிப்ஸ்டிக் பார்க்க சமதளம் வேண்டும். எங்கள் வீட்டு வாசல் சரிவு, எஸ்டேட் ஷெட்டும் சரிவு. மட்டப்பலகை வைத்துப் பார்த்து, ஷெட்டில் பின்சக்கரம் இரண்டுக்கும் பலகை போட்டு ஓர் இடம் செய்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது அங்கேதான் பார்ப்பேன். இப்போது ஊற்றுவது 10டபிள்யூ-40. சூட்டில் ஐட்லிங் 15 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் 45 முதல் 50 வரை. ஹோஸ் இரண்டையும் இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் புதிதாக அடித்து வாங்க வேண்டும். மேலுறையில் வெடிப்பு தெரிகிறது.