சுங்கை சிப்புட்டில் பழைய காடிக்குச் சாமான் தேடுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு லீவுக்கு வந்த இடத்தில், வீட்டுப் போர்ச்சில் தூசு படிந்து நிற்கும் வீரா காடியையோ (காரையோ) கன்சிலையோ ஓட வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு இது. புரோட்டோன் வீரா 1993லும் பெரோடுவா கன்சில் 1994லும் வந்தவை. இரண்டின் தயாரிப்பும் 2009ல் நின்றுவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிரேக் பேட், ஃபில்டர், பெல்ட்டெல்லாம் புதுசாகவே கிடைக்கும். கதவுக் கைப்பிடி, ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது), வைப்பர் மோட்டார் என்று வந்தால் பழைய சாமான் கடையைத்தான் தேட வேண்டும்.

கடைகள் இரண்டு ரகம். ஊருக்குள் இருப்பது பெசி புருக். இரும்பை எடை போட்டு வாங்கி, ஆளைப் பார்த்து விலை சொல்லும் இடம். கதவு, போனட், சீட் தண்டவாளம், கண்ணாடி, பிராக்கெட் இவற்றுக்கு அது போதும். எந்தக் காடி எங்கே கிடக்கிறது என்று அங்கே வேலை செய்பவருக்கே தெரியாது, நாமே சுற்றிப் பார்க்க வேண்டும். மற்றது பொத்தோங் கடை, காடிகளை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் இடம். அதற்கு ஈப்போ சுற்றுவட்டத் தொழிற்பேட்டைகளுக்குத்தான் போக வேண்டும். உள்ளூரில் அடிபட்ட காடிகளோடு ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட்டும் (பாதியாக வெட்டிய காடி) அங்கே இருக்கும். வீராவுக்கு மூலமான மிட்சுபிஷி லான்சர், கன்சிலுக்கு மூலமான டைஹாட்சு மிரா என்று கேட்டால் தவுக்கே (கடை முதலாளி) தயங்காமல் கை காட்டுவார். இடத்தைப் பார்த்தால் குப்பை மாதிரி இருக்கும், ஆனால் சேவையில் பொத்தோங் கடைதான் ஒரு படி மேல். அலமாரியில் மாடல் வாரியாக அடுக்கியிருப்பார்கள், பேட்டரி வைத்துச் சோதித்தும் காட்டுவார்கள்.

ஆஸ்திரேலியா பக்கம் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிட வேண்டும். அங்கே பல யார்டுகளில் வாசலில் சில டாலர் கட்டிவிட்டு, சொந்த டூல்பாக்ஸோடு போய் நாமே கழற்றலாம். இங்கே கழற்றுவது கடைப் பையன். நம் ஸ்பேனர் காடியைத் தொட்டால் தவுக்கே முகம் மாறிவிடும். பையன் கையில் கட்டர் இருக்கும். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்ற அவருக்கு நேரமிருக்காது, வயரை ஒட்ட நறுக்கிவிடுவார். “அண்ணே, கனெக்டரோட சேர்த்து ஒரு சாண் வயர் விட்டு வெட்டுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் காடியின் கனெக்டர் பெரும்பாலும் சூட்டில் நொறுங்கியிருக்கும், அப்போது அந்த ஒரு சாண் வயர்தான் காப்பாற்றும். போல்ட்டையும் பிராக்கெட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காது.

போகும்போது பழைய சாமானைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். ஃபோனில் படம் மட்டும் காட்டினால் ஏறக்குறைய ஒத்த ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மிட்சுபிஷி வழி வந்த எஞ்சின் சாமான்களில் எம்டி (MD) என்று தொடங்கும் எண் இருக்கும், அந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் பின் எத்தனை, ஆல்டர்னேட்டரில் புல்லி எத்தனை பள்ளம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இனி வீராவில் அதிகம் கேட்கப்படும் கோளாறு. ஏர்கோன் (ஏசி) போட்டதும் எஞ்சின் நின்றுவிடும், இல்லையென்றால் சிக்னலில் ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்கும். ஃபோமன் (மெக்கானிக்) “ஈசியூ போச்சு” என்பார். பல சமயம் போயிருப்பது உண்மைதான். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் பொத்தோங் கடை ஈசியூவை மாட்டினால், அதுவும் சீக்கிரம் எரிந்துவிடும். பல சமயம் மூல காரணம், த்ராட்டில் பாடியின் (எஞ்சினுக்குக் காற்று போகும் வாய்) அடியில் உள்ள ஐட்லிங் சர்வோ மோட்டார், நிற்கும்போது ஆர்பிஎம்மைச் சீராக வைப்பது. அதன் ஓ-ரிங் காய்ந்து கூலன்ட் உள்ளே இறங்கினால் காயில் ஷார்ட்டாகும், அந்த மின்னோட்டம் ஈசியூவின் டிரைவரைச் சுட்டுவிடும். ஆறு பின் சர்வோ என்றால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, நடுப் பின்னிலிருந்து இரு ஓரப் பின்களுக்கும் அளக்க வேண்டும். 2லிருந்து 1, 3. 5லிருந்து 4, 6. நான்கு அளவும் 28 முதல் 33 ஓமுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று பத்துக்குக் கீழே வந்தாலும் அந்த சர்வோ வேண்டாம். கடையில் வாங்கும் பழைய சர்வோவையும் காசு கொடுப்பதற்கு முன் இப்படியே அளந்து பாருங்கள். தவுக்கே பெரும்பாலும் தடுக்க மாட்டார்.

ஈசியூவை வாங்கும்போது மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்கக் கேளுங்கள். அந்தக் காலத்து மிட்சுபிஷி ஈசியூக்களில் கெப்பாசிட்டர் கசிவது பிரசித்தம். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தாலோ, கெப்பாசிட்டரின் காலடியில் பச்சை பூத்திருந்தாலோ மூடி வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். மேனுவலா ஆட்டோவா, 1.3ஆ 1.5ஆ என்பதும் ஒத்துவர வேண்டும். பின்னால் வந்த மாடல்களில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருந்தால் ஈசியூவோடு அதன் ரிசீவரும் சாவியும் சேர்ந்து வந்தால்தான் பயன், இல்லாவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

சூடானதும் நின்று, ஆறிய பின் ஸ்டார்ட் ஆகும் வீராவில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சந்தேகிக்கலாம், சென்சார் அதற்குள்தான். பழையது வாங்கும்போது ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மூடிக்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். உங்கள் காடியில் இருப்பதைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தை எஞ்சின் ஹெட்டில் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு டைமிங் லைட்டில் சரிபார்த்தால் போதும்.

ஆல்டர்னேட்டர் எளிது. மாட்டியபின் எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வரவில்லையென்றால் திருப்பிக் கொண்டு போங்கள். இங்கே நடைமுறை என்னவென்றால், “பொருந்தாட்டி மாத்திக்கலாம், காசு திருப்பித் தர மாட்டேன்.” சாமானில் கடை பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டிருப்பார்கள், அதை அழித்துவிட்டால் மாற்றவும் மாட்டார்கள்.

ரப்பர் எதையும் பழையது வாங்காதீர்கள். பிரேக் ஹோஸ், புஷ், எஞ்சின் மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட் பூட், டைமிங் பெல்ட் எல்லாம் புதுசுதான். பழைய டயரை எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1419 என்றால் 2019ன் 14ஆவது வாரம். ஏர்பேக்கைத் தொடவே வேண்டாம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் வேறொரு தலைவலி, எலி. மாதக்கணக்கில் நின்ற காடியின் வயர் உறையைக் கடித்து வைத்திருக்கும். முழு ஹார்னஸை (வயர்க் கட்டு) தேடி அலைய வேண்டாம். கடிபட்ட இடத்துக்கு மட்டும் அதே தடிமன், அதே நிற வயரை ஹாஃப்-கட்டிலிருந்து வாங்கிச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டால் போதும். வெறும் டேப் சுற்றினால் அடுத்த மழையில் பச்சை பூத்துவிடும்.

எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றால் கடையில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து சுற்றினால்தான் அளவு சரியாக வரும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 14 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் படிந்திருந்தால் வேண்டாம். ஏற்றும் முன், எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன்பின் கிராங்க் சீல் நான்கையும் மாற்றிவிட்டால் பின்னால் மறுபடி கழற்றி மாட்டும் கூலி மிச்சம்.

ஆனால் எஞ்சின் எண் கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரம்) இருக்கிறது. மாற்றினால் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை, அதன்பின் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு. எஞ்சின் எண் எழுதிய கடை ரசீதும், இறக்குமதி எஞ்சின் என்றால் கஸ்டம்ஸ் பத்திர நகலும் கையில் இருக்க வேண்டும். ரசீது தர மறுக்கும் கடை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் எஞ்சினை வாங்காதீர்கள், திருட்டுக் காடியின் எஞ்சினாக இருந்தால் மாட்டிக்கொள்வது கிராண்டில் பெயர் உள்ள உங்கள் அப்பாதான். இரண்டு வாரம் லீவில் வந்தவர்கள் எஞ்சின் வேலையை வந்த முதல் திங்கட்கிழமையே தொடங்க வேண்டும். சீனப் பெருநாளை ஒட்டி வருபவர்கள் தொடங்கவே வேண்டாம், பொத்தோங் கடைகள் பலவும் பெருநாள் முடிந்து நாள் பார்த்துத்தான் ஷட்டரைத் தூக்கும்.