கண் வறட்சிக்கு நிபுணர் கடிதம்: எந்தக் கதவைத் தட்டலாம்?

அம்மாவின் கண்ணில் மூன்று வருடமாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. போகிற கிளினிக்கில் எல்லாம் அதைத்தான் சொன்னோம்: "மாத்தா பெராயிர், டாக்டர்." கண்ணில் தண்ணீர் என்றதும் அலர்ஜி மாத்திரை வரும். அம்மாவும் இரவில் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பார். காலையில் இமை ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஈரத் துணியால் ஒற்றித்தான் திறக்க வேண்டும். கண் காய்ந்து உறுத்துகிற எரிச்சலில்தான் கண்ணீர் கொட்டுகிறது, சில அலர்ஜி மாத்திரைகள் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் குறைத்துவிடும் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்த சங்கதி.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டி இருப்பவர்களுக்குக் கண் நிபுணர் என்றால் ஈப்போ, இல்லாவிட்டால் தைப்பிங். முன்பு தோட்டத்திலேயே டிரசர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். காய்ச்சலோ கண்வலியோ, லயத்து வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அவரால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே எழுதி அனுப்புவார். இப்போது நிபுணரிடம் அனுப்பும் அந்தக் கடிதத்தை நாமே தேடிப் போய் வாங்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிக்கடை, தனியார் கிளினிக், அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தான், கடிதமே இல்லாமல் நேராகத் தனியார் நிபுணர் என்று வழி நான்கு. நாங்கள் நான்கையும் மிதித்துவிட்டோம்.

கண்ணாடிக்கடையை ஆரம்பத்தில் நான் மதிக்கவே இல்லை. கண்ணாடி விற்கத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் கடையில் இருப்பவர் பதிவுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட்டா, கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் ஆப்டிஷியனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1991-ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டத்தின் கீழ் இரண்டும் வெவ்வேறு. அம்மாவுக்கு மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்து, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று எண்ணியவர் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்தான். 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள். அம்மாவுக்கு 4. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த எண் ஒவ்வொரு கிளினிக்கிலும் எங்களுக்காகப் பேசியது. நிபுணருக்கு அவரே கடிதம் எழுதவும் செய்யலாம். ஆனால் நீரிழிவு, தைராய்டு, மூட்டுவலி, சாப்பிடும் மாத்திரை என்று முழு உடம்பையும் சேர்த்துப் பார்ப்பது டாக்டரின் வேலை என்பதால், நான் இதைச் சான்றாக மட்டும்தான் எடுத்துக்கொள்வேன்.

தனியார் கிளினிக்கில் வேகம் உண்டு. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போனாலும் டாக்டர் இருப்பார், பல இடங்களில் தமிழிலேயே பேசலாம். கேட்டால் கடிதமும் தந்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான். எங்களுக்குக் கிடைத்தது 'கண் வறட்சி, மேற்கொண்டு பார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. எத்தனை வருடம், என்ன மருந்து விட்டோம், பார்வை எப்படி இருக்கிறது, ஒன்றுமே இல்லை. இன்னொன்று, தனியார் கடிதத்தோடு அரசாங்க நிபுணர் கிளினிக்குப் போனால் முதல் தடவை 30 வெள்ளி (ரிங்கிட்), அடுத்தடுத்து 5 வெள்ளி. கம்பெனி காசு கட்டும் பேனல் கிளினிக் உள்ளவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும். பேனல் கடிதம் இல்லாமல் நிபுணரிடம் போனால் கம்பெனி காசு கொடுக்காது. மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கார்டு வார்டில் படுத்தால்தான் உதவும், கண் வறட்சிக்கு யாரும் வார்டில் படுப்பதில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்குத் தனியார் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்க அரசாங்கம் 2023-இல் தொடங்கிய மடானி மருத்துவத் திட்டமும் காய்ச்சல், இருமல் போன்ற திடீர் நோய்க்காக வந்ததுதான்.

என் ஓட்டு கிளினிக் கெசிஹாத்தானுக்குத்தான். கட்டணம் 1 வெள்ளிதான் என்பதற்காகச் சொல்லவில்லை. நாள்பட்ட நோய்க்குப் பழைய பதிவுதான் பலம், அங்கே அது சேர்ந்துகொண்டே போகிறது. அம்மாவின் சர்க்கரை, பிரஷர் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. எந்த மாத்திரை கண்ணைக் காயவைக்கிறது என்று ஒரே இடத்தில் தேடிப் பார்க்க முடியும். பெரிய கிளினிக்குகளுக்குக் குடும்ப மருத்துவ நிபுணரும் வருவார். இளம் டாக்டர் தயங்கினால், "பக்கார் கெலுவார்காவைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

குறையும் உண்டு. மைசெஜாத்ரா செயலியில் நாள் எடுக்காமல் போனால் காலை முழுக்கப் போய்விடும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர். முதல் இரண்டு தடவையும் கண் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் பாதித் தப்பு எங்களுடையதுதான். தண்ணீர் வடிகிறது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோமே ஒழிய, மணல் விழுந்தமாதிரி உறுத்துகிறது என்று சொல்லவே இல்லை.

மூன்றாம் தடவை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். எப்போது ஆரம்பித்தது. எந்தெந்தச் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வாரம். காலி டப்பாக்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடிக்கடைத் தாள் மேலே. "கடிதம் குடுங்க" என்று தொடங்கவில்லை. "டாக்டர், ராசா மாச்சாம் அடா பாசிர். மூன்று வருஷம். இதெல்லாம் ஒழுங்காக விட்டோம், குறையவில்லை. போலே ருஜுக் பக்கார் மாத்தா?" மணல் இருக்கிறமாதிரி உறுத்துகிறது, கண் நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்றுதான் கேட்டேன். டாக்டர் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டில் மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி இருந்தது. அந்த வகையை நாளுக்கு நான்கு தடவைக்கு மேல், மாதக்கணக்கில் விட்டால் அதுவே கண்ணைப் புண்ணாக்கும் என்றார். இன்னொன்று கண் சிவப்பை மறைக்கிற மருந்து. "இதை நிறுத்துங்க மக்சிக்" என்று அம்மாவிடம் சொல்லித் தனியே எடுத்து வைத்தார். பிறகுதான் கடிதம், முக்கால் பக்கத்துக்கு.

அந்த முக்கால் பக்கம் ஏன் முக்கியம் என்றால், கண் கிளினிக்கில் கடிதத்தைப் படித்துத்தான் யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறார்கள். ஒற்றை வரிக் கடிதம் கடைசிக்குப் போவதில் ஆச்சரியமில்லை. டாக்டர் மறுத்தால் சண்டை வேண்டாம். "எது நடந்தால் அனுப்புவீங்க, எத்தனை வாரம் கழித்து வரட்டும்?" என்று கேட்டு, அதைப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் இருந்தாலும் அந்த வரி இருக்கும்.

நேராகத் தனியார் கண் நிபுணரிடம் போகக் கடிதம் கட்டாயமில்லை. அதே வாரத்தில் பார்த்துவிடலாம். முதல் தடவை பார்க்க நிபுணர் 80 முதல் 235 வெள்ளி வரை வாங்கலாம் என்பது 2013-இல் திருத்திய கட்டண அட்டவணை. பரிசோதனையும் மருந்தும் தனி. அரசாங்கத் தேதி நாள் தள்ளிக் கிடைத்ததால் இடையில் ஒரு தடவை நாங்களும் போனோம். பதப்படுத்தி இல்லாத, ஒருமுறை உடைத்து விடுகிற சின்னக் குப்பிகளை எழுதிக் கொடுத்தார். மாதாமாதம் அதைத் தனியாரில் வாங்க ஒரு பென்ஷன்கூட இல்லாத பால்மரத் தொழிலாளிக்குக் கட்டாது. ஒரே ஒரு தடவை போய், ரிப்போர்ட்டை வாங்கி, அதைக் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுவதென்றால் செலவுக்குப் பலன் உண்டு. தொடர்ந்து அங்கேயே பார்ப்பது சம்பளக்காரர்களுக்கு.

ஆனால் திடீரென்று பார்வை மங்கினால், வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தால், ஒரு கண் மட்டும் சிவந்து போனால், பூச்சிமருந்து தெளிக்கும்போது கண்ணில் பட்டால் கடிதம், தெமு ஜாஞ்சி (முன்பதிவுத் தேதி) எதற்கும் காத்திருக்க வேண்டாம். மருந்து பட்ட கண்ணை ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

தேதி வந்ததும் அரசாங்கக் கண் கிளினிக்குக்குப் போனோம். கீழ் இமையில் காகிதத் துண்டை மடித்து மாட்டி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது, 5-க்குக் கீழே என்றால் கடும் வறட்சி. அம்மாவுக்கு இடது கண்ணில் 3. டாக்டர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு வியப்பு. "படுக்கும்போது காற்றாடி எந்தப் பக்கம் இருக்கும்?" முகத்துக்கு நேராக. "பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைக்காமல் சாப்பிட முடியுமா?" முடியாது. அம்மா வெறும் பிஸ்கட் சாப்பிட்டு நான் பார்த்தே வருடங்கள் ஆகின்றன, வயசு என்று விட்டிருந்தோம். கண்ணோடு வாயும் காய்ந்து மூட்டும் வலித்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயா என்று பார்க்க வேண்டும் என்று ரத்தம் எடுக்க எழுதினார். வேறு பிரிவுக்கு இன்னொரு கடிதம்.

கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டதால் அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மோட்டாரில் தனியாகப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள், திரும்பி ஓட்ட முடியாது. பஸ்ஸில் என் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். "தம்பி, வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தக் காத்தாடியத் திருப்பி வை" என்றார்.