எம்.ஐ.9 தப்பிப்புப் பெட்டியும் 1943 பூட்ஸும்: எது கைகொடுத்தது, எது காலை வாரியது

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து வானத்தில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானக் குழுவினர் கையோடு ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுபோனார்கள். 1939 டிசம்பரில் தொடங்கிய எதிரி நாட்டில் சிக்கிய வீரர்கள் தப்பிக்க உதவும் எம்.ஐ.9 என்ற பிரிட்டிஷ் ரகசியப் பிரிவுக்காக கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன் உருவாக்கியது இது. முதலில் 50 சிகரெட் கொள்ளும் தட்டையான டின்னாக இருந்தது, பிறகு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியாக மாறியது. பணம், வரைபடம், திசைகாட்டி ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு பை. இவை ஒருவரைப் போரில் சேராத ஸ்பெயின் வரை கொண்டுசேர்க்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பாராசூட்டில் இறங்கியவரை அடைக்கலம் தரும் முதல் வீட்டு வாசல் வரை உயிரோடு கொண்டுபோகிறதா என்பதுதான் கேள்வி. அந்த அளவுகோலில் பார்த்தால் இது அருமையான தயாரிப்பு, ஆனால் எல்லாப் பொருளும் ஒரே தரத்தில் இல்லை.

சாப்பாடு: ஹார்லிக்ஸ் மாத்திரை, மிட்டாய், சாக்லேட். ஆம், நாம் பாலில் கலக்கிக் குடிக்கும் அதே ஹார்லிக்ஸ்தான், மாத்திரை வடிவில். ஓரிரு நாள் ஒருவர் புதருக்குள் அசையாமல் படுத்திருக்க இது போதும், நடப்பதற்குப் போதாது. கூடவே தூக்கத்தை விரட்டும் பென்சிட்ரின் மாத்திரைகளும் உண்டு. இறங்கிய பதற்றத்தில் அதை உடனே விழுங்குவது தப்பு. பகலில் ஒளிந்திருக்க வேண்டியவருக்குத் தூக்கம்தான் தேவை. இரவில் நடந்து தீர வேண்டிய கட்டாயம் வரும்போது எடுத்தால்தான் பலன். வேகம் தணிந்ததும் உடம்பு மொத்தமாகத் துவண்டுவிடும் என்பதால், அதற்குள் மறைவிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

தண்ணீருக்கு ஒரு ரப்பர் பையும், நீரைச் சுத்தப்படுத்தும் ஹாலசோன் மாத்திரைகளும் இருக்கும். மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தாகத்தில் இருப்பவர் காத்திருப்பதில்லை, வயிற்றுப்போக்கு அங்கேதான் தொடங்குகிறது. கலங்கல் நீரை முதலில் துணியில் வடிகட்டாவிட்டால் மாத்திரையின் வேலை பாதிதான் நடக்கும்.

திசைகாட்டிகளில் புத்திசாலித்தனம் தெரிகிறது. சட்டைப் பொத்தானுக்குள் மறைத்த திசைகாட்டியின் மூடி இடப்புரி மரையில் சுழலும். சோதனை போடுபவர் வழக்கம்போலத் திருகினால் மூடி இன்னும் இறுகும். கால்சட்டைப் பொத்தான்களில் இன்னொரு வகை: ஒன்றின் முனைமேல் மற்றொன்றை வைத்தால் அது சுழன்று வடக்கைக் காட்டும். காந்தமேற்றிய சவர பிளேடை நூலில் தொங்கவிட்டாலும் திசை தெரியும். இவை தவறு செய்வது பெரும்பாலும் பயன்படுத்துபவரால்தான். பையில் உள்ள இரும்பு அரம், கத்தி, பெல்ட் கொக்கி, பக்கத்திலுள்ள தண்டவாளம் எல்லாம் முள்ளை இழுக்கும். அவற்றிலிருந்து விலகி, காற்றில்லாத இடத்தில் நின்று, முள் ஓயும் வரை பார்க்க வேண்டும்.

பட்டு வரைபடத்துக்கு முழு மதிப்பெண். மடித்தால் கைக்குட்டை அளவு, சோதனையில் சரசரக்காது, நனைந்தாலும் கிழியாது. தொடக்கத்தில் பட்டில் மை பரவிக் கோடுகள் கலங்கின. மையில் பெக்டின் சேர்த்த பிறகே அச்சு நின்றது. ஜாம் கெட்டிப்படுவதும் அதே பெக்டினால்தான். குறை என்னவென்றால், அளவுகோல் மிகச் சிறியது. நகரம், பெரிய சாலை, ரயில் பாதை, எல்லை தெரியும். எந்தக் கிராமத்தில் நிற்கிறோம் என்பது தெரியாது. அதை ஒரு மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

பணமும் அப்படித்தான். பிரெஞ்சு, பெல்ஜிய, டச்சு நோட்டுகள் இருந்தும் கடையில் ரொட்டி வாங்க முடியாது, ரேஷன் கூப்பன் வேண்டும். அந்தப் பணம் உண்மையில் பயன்பட்டது ரயில் டிக்கெட்டுக்கும், தங்க இடம் கொடுத்தவர் கள்ளச் சந்தையில் சோறு தேடுவதற்கும்தான். தன் ரேஷனைப் பகிர்ந்து கொடுத்த குடும்பத்துக்கு அதை முதல் நாளே கொடுத்துவிடுவதே முறை.

எல்லாரும் அலட்சியமாக நினைத்த பொருள், சாதாரண உடையில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எதிர்ப்பு இயக்கத்தினர் போலி அடையாள அட்டை செய்ய முதலில் கேட்பது இதைத்தான். படம் கையில் இருந்தால் ஒரு ஸ்டுடியோவுக்குப் போகும் ஆபத்து மிச்சம். ஆனால் அமெரிக்கப் படைத்தளங்களில் ஒரே கோட்டையும் டையையும் எல்லாரும் மாறி மாறிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தே இவர் எந்தக் குண்டுவீச்சுப் பிரிவு என்று ஜெர்மன் விசாரணையாளர் சொல்லிவிட முடிந்தது. பொருள் நல்லது, தயாரித்த விதம்தான் மோசம்.

அடுத்து பூட்ஸ். இதைத்தான் முதலிடத்தில் வைக்க வேண்டும். பழைய ஆட்டுத்தோல் பூட்ஸ் பாராசூட் விரியும் உலுக்கலில் காலை விட்டே பறந்துவிடும், தங்கினாலும் நடக்க உதவாது. 1943 மாடலில் கீழ்ப்பகுதி கயிறு கட்டும் கறுப்பு ஷூ, மேல்பகுதி கணுக்கால் அருகே தைத்துச் சேர்த்த உறை. உள்ளே ஒரு சிறு பையில் கத்தி இருக்கும். தையலோடு வெட்டி எடுத்தால் ஊர்க்காரர் போடும் ஷூ மாதிரியே மிஞ்சும். வெட்டிய இரண்டு உறைகளையும் இணைத்து உள்சட்டையாகப் போட்டுக்கொள்ளலாம். அவசரத்தில் ஷூவின் தோலையே கிழித்துவிடக் கூடாது, வெட்டிய துண்டுகளை வயலில் போட்டுவிட்டும் போகக் கூடாது. குளிரைத் தாங்குவதில் பழையதற்கு இது ஈடில்லை என்பது நியாயமான புகார். ஆனாலும் உயரமான ஆங்கிலேயர், அமெரிக்கர் கால் அளவுக்கு ஷூ கிடைக்காமல் அடைக்கலம் கொடுத்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் அந்தக் குறை பெரிதல்ல.

பெட்டியில் இல்லாத ஒன்று, உதவுபவர் உண்மையானவரா என்று கண்டுபிடிக்கும் வழி. ஜாக் தெஸுப்ரி போன்ற துரோகிகள் இயக்கத்துக்குள் புகுந்து விமானக்காரர்களைக் காட்டிக்கொடுத்தார்கள். எனவே கழுத்து அடையாளத் தகட்டை யார் கேட்டாலும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். சாதாரண உடையில், போலி அட்டையோடு, தகடு இல்லாமல் பிடிபட்டால் போர்வீரர் என்று நிரூபிக்க வழியில்லை. 1944 ஆகஸ்டில் 168 நேச நாட்டு விமானக்காரர்களை பாரிஸ் அருகே ஃப்ரென் சிறையிலிருந்து புக்கென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். உதவியவர்கள் கொடுத்த விலை இதைவிட அதிகம். விமானக்காரர்களை பெல்ஜியத்திலிருந்து ஸ்பெயினுக்குக் கடத்திய ‘கோமெட் பாதை’ என்ற ரகசிய அமைப்பை நடத்திய ஆந்த்ரே தெ யோங் 1943 ஜனவரியில் உருய்ன் பண்ணை வீட்டில் கைதாகி ராவன்ஸ்ப்ரூக், மவுத்ஹவுசன் முகாம்களில் வாடினார். அவருடைய தந்தையை 1944 மார்ச் 28 அன்று சுட்டுக் கொன்றார்கள். எனவே பெயரோ முகவரியோ காகிதத்தில் எழுதக் கூடாது, பட்டு வரைபடத்தில் வீட்டைக் குறிக்கவும் கூடாது. வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் அது ஒரு குடும்பத்தின் சாவு.

அந்த அருமையான பூட்ஸும் பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனீஸ் மலை அடிவாரத்தோடு சரி. பாஸ்க் வழிகாட்டி ஃப்ளோரெந்தினோ கொய்கொயெச்சேயா போன்றவர்கள் மலையேறும் முன் ஷூவைக் கழற்றச் சொல்லி, கயிற்றடி வைத்த துணிச் செருப்பைக் கொடுத்தார்கள். பாறையில் சத்தம் வராது, வழுக்காது, எல்லையில் ஓடும் பிதசோவா ஆற்றைக் கடந்த பிறகும் சீக்கிரம் காய்ந்துவிடும்.